மலையேறிய சம்மன்

கல்வராயன் மலையில் ஒரு கணவருக்கு விவாகரத்துச் சம்மன் வந்தால், கீழ்நாட்டுக் கணவர்களுக்கு இல்லாத ஓர் ஆயுதம் அவர் கையில் இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம், பிரிவு 2(2): மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டாலொழிய, பட்டியல் பழங்குடியினருக்கு இச்சட்டம் பொருந்தாது. இம்மலையில் வாழும் மலையாளி இனத்தவரோ பட்டியல் பழங்குடி. ஆகவே வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு, எதிருரையின் முதல் பத்தியிலேயே 'மனு செல்லாது' என்று எழுதிவிடலாம்.

அடுத்த பத்தி எல்லா ஊருக்கும் ஒன்றுதான்: ஒப்புக்கொண்டவை நீங்கலாக மனுவில் கண்டதெல்லாம் பொய். கல்யாணப் பந்தி உட்பட.

சட்டம் பொருந்தாவிட்டால் வழக்காறு. அதை நிரூபிப்பது யார்? சந்தால் கணவர் இரண்டாம் திருமணம் செய்துகொண்டார் என்று ஓராவோன் பழங்குடி மனைவி உச்ச நீதிமன்றம்வரை போனார். அந்த மணத்தைச் செல்லாததாக்கும் வழக்காற்றை நிறுவவில்லை என்று 2001-இல் தோற்றார். மரத்தடியில் பேசி முடித்த பஞ்சாயத்துக்குச் சான்றிட்ட நகல் கேட்டால் எந்தக் கவுண்டரில் நிற்பது?

ஜீவனாம்சத்தில் மட்டும் இந்த ஆயுதம் சுடாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 144. சாதி, மதம் கேட்காது. இருதரப்பும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தரவேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை எழுதும் வாரத்தில் மாடுகள் அண்ணன் பெயருக்கும், மரவள்ளிக் காடு அப்பா பெயருக்கும் நகர்ந்துவிடுகின்றன. எதிர்மனுதாரருக்கு மிஞ்சுவது கூலி வேலை. அதுவும் மழைக்காலத்தில் கிடையாதாம்.

பாக்கி வைத்தால், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம்வரை சிறை.