போட் சார்

கவரைப்பேட்டையில் படகு விடுவதற்குத் தோதான தண்ணீர் கிடையாது. பக்கத்து ஆரணியாறும் மழை கொட்டினால்தான் ஆறு. ஆனாலும் ஊரில் படகு இருக்கிறது. போட் சார் வீட்டு கார் ஷெட்டில், துணி போர்த்திக்கொண்டு. கார் தெருவில் காய்கிறது.

போட் சார் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தரக்கட்டுப்பாடு பார்த்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் மனை வாங்கும் வயதில், யூடியூபில் கனடாக்காரர்கள் பழைய மரப்படகுக்கு வார்னிஷ் பூசுவதைப் பார்த்துவிட்டார். மறுநாளே பழவேற்காடு. ஃபைபர் படகு வந்த பிறகு, அங்கே மரப்படகுகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. ஒரு காலத்தில் ஸ்ரீஹரிகோட்டா விறகை ஏற்றிக்கொண்டு பக்கிங்காம் கால்வாய் வழியே பட்டணம் போனவை மரப்படகுகள்தான். அந்தக் குலத்தில் பிறந்த ஒன்று விறகு விலைக்கே கிடைத்தது.

அதன்பின் சார் வாயில் வேறு பேச்சு இல்லை. பல்விளக்கும் நேரத்தில் போனாலும் பஞ்சு திணித்து, குங்கிலியம் காய்ச்சிக் கலப்பத்து அடிக்கும் முறையைச் சொல்வார். "பஞ்சம் பிழைக்க வந்த ஜனங்கள் 1877-78ல் ஒரு பகுதியை வெட்டிய கால்வாய் சார் அது, பக்கிங்காம் பிரபு கவர்னரா இருந்தப்போ!" என்பார். "ஏங்க, நம்ம வீட்டுச் சாக்கடை அடைச்சு ஒரு வாரமாச்சு" என்று உள்ளிருந்து குரல் வரும்.

ஞாயிற்றுக்கிழமை படகு குட்டி யானை வண்டியில் ஏறும். பொன்னேரி தாண்டும்வரை சார் பின்னால் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டே வருவார்; பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியபோதுகூட இப்படிக் கூட வந்ததில்லை என்பது அவர் வீட்டம்மாவின் வாக்குமூலம். கரையில் நாலு பேர் தூக்கும்போது, "மெதுவா! வார்னிஷ்! வார்னிஷ்!" என்று ஒரு கூப்பாடு. தண்ணீரில் இறங்கவே செய்த பொருளுக்குத் தண்ணீர் பட்டுவிடுமோ என்று பயப்படுகிற ஒரே மனிதர் இவர்தான்.

பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான். துடுப்பு போட்டால் பல இடங்களில் சேறுதான் வரும். அதனால்தான் உள்ளூர்க்காரர்கள் கழி ஊன்றித் தள்ளுகிறார்கள். சாருக்கு அது ஆகாது. துடுப்புதான் மரபாம். யாருடைய மரபு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் கனடா வரை போகவேண்டியிருக்கும்.

நடு ஏரியில் பலகை இடுக்கில் நீர் கசியும். "மரம் ஊறினா தானா அடைஞ்சுக்கும்" என்பார். அது உண்மைதான். ஆனால் ஊறுகிற வரைக்கும் பெயிண்ட் டப்பாவால் நாம்தான் இறைக்க வேண்டும். தூரத்தில் பூநாரைகள் கூட்டமாக எழும்பும். சார் பார்ப்பதில்லை, அவர் கண் மூன்றாவது பலகையில் விழுந்த கீறலில் இருக்கும். அதற்குள் தரை தட்டிவிடும். ஃபைபர் படகில் போகிற பையன்கள் சிரிக்காமல் வந்து கயிறு கட்டி இழுத்துப்போவார்கள். அந்த மரியாதைக்குக் காரணம் இருக்கிறது.

கரையேறியதும் ஒரு பெரியவர் காதோரம் வந்து சொல்வார்: "சார், எங்க மாமன்கிட்ட இன்னொண்ணு கெடக்குது. நல்லா கரையான் அரிச்சது. அதனால ரேட்டு கொஞ்சம் கூட ஆவும்."