ஈஜோக் வட்டாரக் காலைப் பசியாறலில் மேப்பிள் மணம்: வெந்தயத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கனடாவில் மரத்தைத் துளைத்து எடுக்கும் மேப்பிள் பாகும், ஈஜோக்கில் மீன் குழம்புக்குப் போடும் வெந்தயமும் மணத்தால் உடன்பிறப்புகள் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இதை நிறுவும்பொருட்டு மாவு பிசையப்பட்டது, பாகு காய்ச்சப்பட்டது, அண்டை வீட்டாரின் கருத்து, கேட்காமலேயே, பெறப்பட்டது. காலையில் பாகு பூசிய சுடு பன் தின்ன ஆசைப்படுபவர் பேரங்காடிக்குப் போய்ச் சிறு புட்டிக்குப் பெருங்காசு கொடுக்க வேண்டியதில்லை, அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால் போதும் என்பது கண்டறியப்பட்டுள்ளது. பெட்டியிலிருந்து எவ்வளவு எடுப்பது என்பதுதான் சிக்கல். அச்சிக்கலே இவ்வாய்வின் உயிர்நாடி.

1. ஆய்வுக் களமும் எல்லையும்

ஈஜோக், சிலாங்கூர் மாநிலத்தின் கோலசிலாங்கூர் மாவட்டத்தில், நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ மூன்று பாகை வடக்கே இருக்கிறது. உறைபனி விழுந்து பெரட்டு, அதாவது தோட்டத்தில் காலை ஆள்கணக்கெடுப்பு, தாமதமானதாக எந்தக் கங்காணியும் சொல்லிக் கேட்டதில்லை. ஆகவே இங்கே மேப்பிள் மரம் வளர்ந்து பாகு தரும் என்ற கருதுகோள் தொடக்கத்திலேயே கைவிடப்பட்டது.

இவ்வூரை நாடு முழுவதும் அறிந்துகொண்டது 2007 ஏப்ரல் 28ஆம் நாள் நடந்த சட்டமன்ற இடைத்தேர்தலின்போது. அந்த நாட்களில் வாக்குறுதிகள் பல வந்து குவிந்தன. பசியாறல் சீர்திருத்தம் பற்றி எந்தக் கட்சியும் வாய் திறக்கவில்லை. அந்தக் குறையை இக்கட்டுரை நிவர்த்தி செய்கிறது.

சுற்றுவட்டாரம் துவான் மீ, புக்கிட் ஈஜோக் என்று தோட்டப் பெயர்களால் ஆனது. பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் இடத்தில், தென்னமரம் தோட்டம் இருக்கிறது. மலேசியாவில் செம்பனை வணிக அளவில் முதன்முதலாக நடப்பட்டது அங்கேதான், 1917இல். நட்டவர் ஹென்றி ஃபோக்கொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கொங்கூர் பரிசையும் வாங்கினார். இன்று இவ்வட்டாரத்துக் குசினிகளில் தட்டுக்குத் தடவும் எண்ணெயின் குலமரபு அந்தத் தோட்டத்தில் தொடங்குகிறது. வேறெந்த ஆய்வுக் களத்துக்கும் இந்தப் பெருமை இல்லை. எண்ணெய் உள்ளூர்ச் சரக்கு. பாகும் உள்ளூராக இருப்பதே முறை.

2. முன்னாய்வுகள்

ரொட்டிக்கு மேல் என்ன போடுவது என்பதில் இவ்வட்டாரத்தில் ஏற்கெனவே மூன்று மரபுகள் வேரூன்றியுள்ளன.

முதலாவது சீனி மரபு. ரொட்டித் துண்டில் பிளாண்டா தடவி, அதன்மேல் சீனியைத் தூவுவது. கடிக்கும்போது நறநறவென்று கேட்கும் ஒலி இதன் தனிச்சிறப்பு. இரண்டாவது டின்பால் மரபு. துளையிட்ட டின்னைக் கவிழ்த்து ரொட்டிமேல் கோலம் போடுவது. கோலம் முடியுமுன் டின்னைப் பிடுங்கும் அம்மாவும் இம்மரபின் ஓர் அங்கம். மூன்றாவது காயா மரபு. தேங்காய்ப்பால், முட்டை, சீனி சேர்த்துக் கிண்டிய இதைக் கோப்பிக்கடைகள் வளர்த்தன.

மூன்றுக்கும் வெளியே நிற்பது, எதையும் பூசாமல் ரொட்டியைக் கோப்பியில் முக்கும் முக்கல் மரபு. பெரட்டுக்கு நேரமாகிவிட்டவர்கள் கைக்கொண்டது இது. நான்கு மரபுகளுக்கும் மூலப்பொருள் வழங்கியவர் ஒருவரே: மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு, ஹாரன் அடித்தபடி லயன் லயனாகப் போகும் ரொட்டிக்காரர்.

இவற்றில் ஒன்றேனும் ரொட்டியைப் பாகில் குளிப்பாட்டிச் சூட்டோடு தருவதில்லை. இவ்விடைவெளியில்தான் இவ்வாய்வு நுழைகிறது.

3. மரம் வெட்டுதல்: ஓர் ஒப்பியல் நோக்கு

மேப்பிள் பாகு எடுப்பது ஏதோ அந்நியக் கலை என்று இவ்வட்டாரத்தார் நினைத்தால் அது தன்னடக்கமே தவிர வேறில்லை. தண்டைக் கீறி, வடிவதை ஏனத்தில் பிடித்து, பொழுது ஏறுமுன் சேகரிக்கும் வேலையில் ஈஜோக்குக்குப் பாடம் சொல்ல உலகில் அதிகம் பேர் இல்லை.

வட அமெரிக்காவில் குளிர் முடியும் மாதங்களில், இரவு உறைபனியும் பகல் இளவெயிலும் மாறிமாறி வரும்போது, மேப்பிள் மரத்தில் துளையிட்டுச் சாறு பிடிக்கிறார்கள். அதில் சர்க்கரை இரண்டு விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். ஏறத்தாழ 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். கொதிநிலை தண்ணீரைவிட நான்கு பாகை ஏறியதும் இறக்கிவிடுகிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் கணக்கில் அது ஒற்றைக் கம்பிப் பதத்தையே எட்டாத பாகு. அதை நம்பி அதிரசத்துக்கு மாவு போட முடியாது.

பால்மரத்தைப் பொழுது புலருமுன் வெட்டுவார்கள். குளிர்ந்த நேரத்தில்தான் மரத்தினுள் அழுத்தம் கூடி, பால் நன்றாக வடியும். ஆனால் அந்தப் பால் ரொட்டிக்கு உதவாது, டயருக்குத்தான் உதவும். எனவே இவ்வாய்விலிருந்து மரியாதையோடு விலக்கப்படுகிறது.

எஞ்சியது தென்னை. பாளை சீவி இறக்கும் சாற்றில் சர்க்கரை 15 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். ஏழெட்டு லிட்டரைக் காய்ச்சினால் ஒரு கிலோ வெல்லம் கிடைத்துவிடும். அதை மூங்கில் குழாயில் வார்த்தெடுத்தால் கூலா மலாக்கா. காய்ச்ச மறந்தால் கள். தோட்டங்களில் கள்ளுக்கடை வைத்து நடத்திய நிர்வாகங்கள் காய்ச்சுவதைவிட மறப்பதையே ஆதரித்தன என்பது வரலாறு.

இதற்கு எதிர்ப்புறத்தில், மறக்காமல் காய்ச்சிச் சேர்த்தும் வைப்பது கனடாவின் கியூபெக் மாநிலம். உலக மேப்பிள் பாகில் ஏறத்தாழ 70 விழுக்காடு அங்கிருந்தே வருகிறது. விலை சரியாமலிருக்கக் கிடங்கில் பாகை இருப்பு வைக்கிறார்கள். 2011, 2012ஆம் ஆண்டுகளில் அந்த இருப்பிலிருந்து ஏறத்தாழ 3,000 டன் பாகைத் திருடர்கள் கடத்திவிட்டு, பீப்பாய்கள் சிலவற்றில் தண்ணீரை நிரப்பி வைத்திருந்தார்கள். பாலில் தண்ணீர் கலப்பதைக் கண்டுபிடிக்கும் கிராணி ஒருவர் அங்கே இருந்திருந்தால் முதல் பீப்பாயிலேயே சங்கதி வெளிப்பட்டிருக்கும்.

4. மணத்தின் இயல்

இனிப்புக்குக் கூலா மலாக்கா கிடைத்துவிட்டது. மேப்பிள் மணத்துக்கு என்ன செய்வது?

2005 அக்டோபரில் நியூயார்க் நகரத்தில் ஓர் இரவு மேப்பிள் பாகின் வாசனை பரவியது. பாகு காய்ச்சுபவர் எவரும் அந்நகரில் இல்லை. மக்கள் பயந்து அவசர எண்களை அழைத்தார்கள். வாசனை போனது, மீண்டும் வந்தது, சில ஆண்டுகள் இதே கதை. 2009இல் காற்றின் திசையையும் புகார் வந்த நேரங்களையும் ஒப்பிட்டு நகராட்சி குற்றவாளியைக் கண்டுபிடித்தது. ஆற்றுக்கு அப்பால் நியூ ஜெர்சியில், வாசனைப் பொருள் தயாரிக்கும் ஆலை ஒன்று வெந்தயத்தைப் பதப்படுத்திக்கொண்டிருந்தது.

காரணப் பொருளின் பெயர் சோட்டோலோன். வெந்தயத்தில் இது தாராளமாக உண்டு. மேப்பிள் பாகிலும் உண்டு. போலி மேப்பிள் சாரத்துக்கு வெந்தயச் சாறு கைகொடுப்பதும் இதனால்தான். பேரங்காடியில் மலிவாகக் கிடைக்கும் ‘பேன்கேக் சிரப்’ புட்டியைத் திருப்பிப் பாருங்கள்: பெரும்பாலும் சோளப் பாகும் வாசனைச் சேர்மமும்தான் இருக்கும், மரம் இருக்காது.

இப்பொருளுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. மிகக் குறைந்த அளவில் அது மேப்பிள் பாகாகவும் கருகிய சர்க்கரையாகவும் மணக்கும். அளவு கூடினால் குழம்பாக மணக்கும். கனடாவுக்கும் கோலசிலாங்கூருக்கும் இடையிலுள்ள தூரம் விமானத்துக்கு ஒரு நாள். மூக்குக்கு ஒரு தேக்கரண்டி.

5. ஆய்வு முறை

வேலைக்கோ பள்ளிக்கோ கிளம்ப வேண்டிய வீட்டிலும் செய்துவிடக்கூடிய முறையே தேர்ந்தெடுக்கப்பட்டது. ஈஸ்ட் பொங்கும்வரை காத்திருப்பவர் பசியாறமாட்டார், மதியச் சோறுதான் உண்பார்.

செல்ஃப் ரேசிங் மாவு 250 கிராம், கெட்டித் தயிர் ஏறத்தாழ 200 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. தயிர் நீர்த்திருந்தால் குறைத்து ஊற்ற வேண்டும். கையில் ஒட்டாத பதம் வந்ததும் பிசைவதை நிறுத்திவிட வேண்டும்; சப்பாத்திக்குப் பிசைவதுபோல் வஞ்சம் தீர்த்தால் பன் கல்லாகும். எலுமிச்சையளவு உருண்டைகளாக்கி, எண்ணெய் தடவிய தட்டில் ஒன்றையொன்று தொடும்படி அடுக்கி, 190 பாகைச் சூட்டில் 15 முதல் 18 நிமிடம் வேகவிட வேண்டும். தீபாவளிப் பலகாரம் முடிந்ததும் துணி போர்த்தி மூலையில் வைத்த ஓவன் இதற்குப் போதும்.

பன் வேகும் நேரத்தில் பாகு. அரைத் தேக்கரண்டி வெந்தயத்தை வெறும் சட்டியில், சிறு தீயில் வறுக்க வேண்டும். முதலில் பச்சைக் கசப்பு வாடை எழும். பிறகு விதைகள் ஒன்றிரண்டு துள்ளும். மஞ்சள் நிறம் பிஸ்கட் நிறமாக மாறும். அந்த நொடியில் கசப்பு வாடை விலகி இனிப்பு மணம் வரும். அப்போதே இறக்க வேண்டும். சிவந்துவிட்டால் கசப்பு திரும்பி வரும், இம்முறை போகாது.

சீவிய கூலா மலாக்கா 150 கிராமை மூன்று மேசைக்கரண்டித் தண்ணீரில் கரைத்து, வறுத்த வெந்தயத்தை முழுதாகவே போட்டு, சிறு தீயில் ஐந்து நிமிடம் காய்ச்சி வடிகட்ட வேண்டும். வெந்தயத்தை நுணுக்கக் கூடாது. வடித்த பாகில் வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. பாண்டான் இலை போடவே கூடாது. போட்டால் இது பாண்டான் ஆய்வாகிவிடும். பன் வெளியே வந்ததும் சூட்டோடு ஊற்ற வேண்டும். ஆறிய பன் பாகை உறிஞ்சாது, தோளில் போட்டுக்கொண்டு நிற்கும்.

6. கண்டறிந்தவை

வெந்தயம் இரண்டு தேக்கரண்டியாக இருந்தபோது, வேலிக்கு அப்பாலிருந்து ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், “காலங்காத்தாலயே மீன் கொளம்பா?” என்று விசாரித்தார். குரலில் எதிர்பார்ப்பு இருந்ததும் பதிவு செய்யப்பட்டது.

ஒரு தேக்கரண்டியாகக் குறைத்தபோது பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, “என்னாம்மா, யாருக்குப் புள்ளை பொறந்திருக்கு? சொல்லவே இல்ல!” என்றார். பிள்ளை பெற்றவளுக்கு வெந்தயக் களி கிண்டிக் கொடுத்தே பழகிய மூக்கு அது. பன்னைத் தின்ற பிறகும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை.

அரைத் தேக்கரண்டியில் நின்றபோது முதியவர்கள் எதுவும் கேட்கவில்லை. பள்ளிக்குக் கிளம்பிய பையன் ஒருவன் மட்டும், “ஆண்ட்டி, பேன்கேக் வாசம் வருது” என்றான். துரித உணவுக்கடையில் அவன் கற்ற பாடம் வீண்போகவில்லை.

இதிலிருந்து பெறப்படும் விதி: அரைத் தேக்கரண்டி கனடா, ஒரு தேக்கரண்டி பிரசவ வீடு, இரண்டு தேக்கரண்டி மீன் குழம்பு. நியூயார்க்வாசிகள் வெந்தயத்தை முகர்ந்து மேப்பிள் என்றார்கள். ஈஜோக்வாசிகள் மேப்பிளை முகர்ந்தாலும் வெந்தயம் என்பார்கள். இரு சாராரும் சரியே. மூக்கு முதலில் எந்தக் குசினியில் வளர்ந்ததோ அந்தக் குசினியின் பெயரையே சொல்லும்.

7. மறுப்புகளுக்கு விடை

“வெந்தயம் இனிப்புநீருக்கு நல்லதாயிற்றே; அப்படியானால் இந்தப் பன்னும் நல்லதுதானே?” என்று கேட்பவர் உண்டு. மலேசியாவில் பெரியவர்களுள் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாக 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. அரைத் தேக்கரண்டி வெந்தயம் 150 கிராம் கூலா மலாக்காவை மன்னித்துவிடாது. இதை வாரம் ஒருநாள் பண்டமாகவே கொள்ள வேண்டும்.

“கூலா மலாக்காவுக்கென்று தனி மணம் இருக்கிறதே, அது மேப்பிளை மறைக்காதா?” என்பது தகுதியான மறுப்பு. மறைக்காது, கூட நிற்கும். அசல் மேப்பிள் பாகை அருகில் வைத்து ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். அசல் புட்டி வாங்கியவர் பன் சுடும் செலவுக்கு யோசிப்பார் என்பதால் இந்த ஒப்பீடு அடிக்கடி நேராது.

8. முடிவும் பரிந்துரையும்

மேப்பிள் மணம் ஈஜோக்குக்குப் புதிதாக வரவில்லை. இவ்வட்டாரத்துக்கு வந்து குடியேறியவர்களின் மூட்டையிலேயே அது இருந்தது. மீன் குழம்பிலும் களியிலும் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. இனிப்புப் பிரிவுக்கு அதை மாற்றல் செய்ய யாரும் உத்தரவு போடவில்லை, அவ்வளவுதான். இக்கட்டுரை அந்த உத்தரவைப் போடுகிறது.

பேரங்காடிப் புட்டி அலமாரியிலேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஓவன்மேல் போர்த்திய துணியை எடுங்கள். வெந்தயம் அரைத் தேக்கரண்டியைத் தாண்ட வேண்டாம். தாண்டிவிட்டால் பதற்றம் வேண்டாம். ஒரு துண்டு மீன் வாங்கி வாருங்கள்.