முட்டுக்கல் கோட்பாடு: நின்ற காரும் நில்லாத டிராலியும்

கடையின் டிராலி ஒன்று ஆள் துணையின்றி உருண்டுபோய், நிறுத்தி வைத்திருந்த காரின் கதவில் ஒடுக்கு விழச் செய்தால், அந்த இழப்பை ஏற்க வேண்டியவர் யார்? இவ்வினாவைச் செஞ்சியில் வைத்து ஆராய்வதே முறை. உருளக்கூடியவை உருளாமல் நிற்பதை அங்கே கண்கூடாகக் காணலாம். செஞ்சிக் கோட்டை அமைந்த ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளிலும் யானையளவும் வீட்டளவுமான பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, விளிம்பிலும் சரிவிலும், இதோ விழப்போகிறோம் என்ற பாவனையில் உட்கார்ந்திருக்கின்றன. முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690 முதல் 1698 வரை கீழே முற்றுகையிட்டுக் கிடந்தார். 1750இல் பிரெஞ்சுக்காரர் வந்தனர்; 1761இல் ஆங்கிலேயர் வந்தனர். எல்லோரும் போய்விட்டார்கள், பாறைகள் போகவில்லை. மராட்டிய ராணுவ நிலவெளிகள் என்ற தொகுப்பில் உள்ள 12 கோட்டைகளில் ஒன்றாக 2025 ஜூலையில் யுனெஸ்கோ இக்கோட்டையை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அந்தப் பெருமையில் பாறைகளின் நன்னடத்தைக்கும் பங்குண்டு என்பது என் துணிபு. நம் ஆய்வுக்கு அவை தரும் சான்று இது: சரிவில் இருப்பது மட்டுமே ஒரு பொருளை உருட்டிவிடாது. உருண்டது என்றால் அதற்குச் சக்கரம் பூட்டியவர் ஒருவர் இருக்கிறார்.

டிராலிக்குச் சக்கரம் பூட்டியவரை வரலாறு பெயர் சொல்லியே காட்டுகிறது. அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் மளிகைக் கடைகள் நடத்திய சில்வன் கோல்ட்மேன் 1937இல் அதை அறிமுகப்படுத்தினார். கைக்கூடை கனத்ததும் மக்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதே அவருடைய கவலை. அவர்களின் தோள்வலி அல்ல. முதலில் யாரும் அதைத் தொடவில்லை. கூலிக்கு ஆள் அமர்த்தி, வாடிக்கையாளர்போல் கடைக்குள் தள்ளித் திரியச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் தொட்டார்கள். இது வேடிக்கைச் செய்தியாகத் தோன்றினாலும் வழக்கின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. டிராலி வாடிக்கையாளர் கேட்டுப் பெற்ற வசதியன்று. கடைக்காரர் தம் விற்பனை பெருகத் தாமே கையில் திணித்த கருவி. ஆதாயம் எவருக்கோ ஆபத்தும் அவருக்கே என்று இங்கேயே தீர்ப்பு எழுதிவிடலாம்தான். ஆனால் அத்தனை எளிதில் முடிந்துவிட்டால் அது ஆராய்ச்சி ஆகாது.

நான் முன்வைப்பது முட்டுக்கல் கோட்பாடு. ஓடும் வண்டிக்குத் தள்ளியவர் பொறுப்பு. நின்ற வண்டிக்கு, அதன் சக்கரத்தடியில் கல் வைத்திருக்க வேண்டியவர் பொறுப்பு. இக்கோட்பாட்டின் ஆசிரியர்கள் சட்டக் கல்லூரியில் இல்லை, கடைத்தெருவில் இருக்கிறார்கள். தள்ளுவண்டியில் வாழைப்பழமோ வேர்க்கடலையோ விற்பவர் வண்டியை நிறுத்தியதும் முதல் காரியமாக ஒரு கல்லைச் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிறார். தராசை எடுப்பதும் விலை கூவுவதும் அதற்குப் பிறகுதான். நாடாளுமன்றமும் ஏறக்குறைய இதையே சொல்லியிருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி, ஓட்டுநர் இருக்கையில் ஆளில்லாமல் வண்டியை நிறுத்துபவர் எஞ்சினை அணைத்து, பிரேக் போட்டோ வேறு ஏற்பாடு செய்தோ அது தானாக நகர முடியாதபடி உறுதிசெய்ய வேண்டும். அந்த ‘வேறு ஏற்பாடு’ நம் கருங்கல்லுக்குக் கிடைத்த சட்ட அங்கீகாரம் எனக் கொள்க. இழுவைப் பொறி இல்லாத டிராலி மோட்டார் வாகனம் ஆகாது; ஆகவே இப்பிரிவு அதைக் கட்டுப்படுத்தாது, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமும் இவ்வழக்கை எடுக்காது. ஆனால் பழ வண்டிக்காரர் எந்தப் பிரிவும் சொல்லாமலே செய்யும் ஒன்றை, குளிரூட்டிய கடை வைத்திருப்பவர் தம்மால் இயலாது என்று சொல்லக் கேட்பது கடினம்.

கடைக்காரரின் பொறுப்பு தரையிலும் இருக்கிறது. மழைநீர் வடிவதற்காக வண்டி நிறுத்துமிடத்தைச் சற்றுச் சாய்வாகவே போடுவார்கள்; நூறு அடிக்கு ஓரடி, ஒன்றரை அடி வாட்டம். நடப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. சக்கரத்துக்குத் தெரியும். அந்த வாட்டத்தைக் கொத்தனாருக்குச் சொன்னவர் கடைக்காரர். பிரேக் இல்லாத வண்டியை வாங்கியவரும் அவரே. அவ்விரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தவரும் அவரே. செஞ்சிக் கோட்டையைக் கட்டியவர்கள் இந்தத் தவற்றைச் செய்யவில்லை. ராஜகிரி அடிவாரத்தில் கல்யாண மகாலுக்கு அருகே குதிரை லாயத்தைத் தனியாகப் பார்க்கலாம். தானியக் களஞ்சியத்தைத் தனியாகப் பார்க்கலாம். வாகனம் நிற்கும் இடம் வேறு, சரக்கு புழங்கும் இடம் வேறு. இந்த ஏற்பாட்டுக்குப் போர்க்காலக் காரணங்கள் இருந்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்லக்கூடும், சொல்லட்டும். நம் கண்ணுக்கு அது வாகன நிறுத்தத் திட்டமாகவே தெரிகிறது. நீதிமன்றத்திலும் துணை உண்டு. 1863இல் லிவர்பூல் வழக்கொன்றில் மாவுக் கிடங்கின் மாடியிலிருந்து பீப்பாய் ஒன்று தெருவில் போனவர்மேல் விழுந்தது. யார் தவறு என்பதற்குச் சாட்சி இல்லை. யாருடைய கவனக்குறைவும் இல்லாமல் பீப்பாய் கிடங்கை விட்டு உருண்டு வெளியேறாது, எனவே கிடங்குக்காரரே விளக்கம் தரட்டும் என்று நீதிபதிகள் முடிவுசெய்தார்கள். டெல்லி சாந்தினி சவுக் மணிக்கூண்டு சரிந்த வழக்கில், 1966இல் நம் உச்ச நீதிமன்றமும் மாநகராட்சிக்கு எதிராக அதே வழியில் சென்றது. பீப்பாய்க்கும் கூண்டுக்கும் பொருந்துவது டிராலிக்குப் பொருந்தாமல் போகாது.

அற்றன்று; கடைசியாகக் கைவிட்டவர் வாடிக்கையாளர்தானே, அரிசி மூட்டையையும் எண்ணெய் டின்னையும் டிக்கியில் ஏற்றிவிட்டு டிராலியை அநாதையாக விட்டுப் போனவர் அவர்தானே எனின், இது வலுவான மறுப்பே. கடைசி வாய்ப்பு யாருக்கு இருந்ததோ அவரே பொறுப்பு என்ற விதி 1842இல் ஆங்கில நாட்டுக் கழுதையொன்றால் நிலைபெற்றது. முன்னங்கால்கள் கட்டப்பட்டு நெடுஞ்சாலையில் விடப்பட்டிருந்த அக்கழுதைமீது ஒருவர் வேகமாக வண்டியை ஓட்டிக் கொன்றுவிட்டார். சாலையில் கழுதையை விட்டது தவறுதான், ஆனாலும் வண்டியோட்டி அதைத் தவிர்த்திருக்க முடியும் என்று கழுதைக்காரருக்கு இழப்பீடு கிடைத்தது. இதிலிருந்து இரண்டு முடிவுகள். ஒன்று, கார்க்காரர் கோணலாகவே நிறுத்தியிருந்தாலும் அது இடிப்பதற்கான அனுமதிச் சீட்டு ஆகாது. கழுதைக்குக் கிடைத்த நீதி காருக்கும் உண்டு. மற்றது, கடைசி வாய்ப்பு என்பது ஆபத்தை அறிந்தவருக்கே வாய்ப்பு. கழுதை வண்டியோட்டியின் கண்முன் இருந்தது. தரையின் வாட்டமோ வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாது; தினமும் நாலு டிராலியை அந்த மூலையிலிருந்து பொறுக்கி வரும் கடை ஊழியருக்குத் தெரியும். ஆகவே டிராலியைத் திருப்பி விடுவதற்குத் தடுப்புடன் கூடிய இடத்தைக் கடை ஒதுக்கி, கண்ணில் படும்படி பலகையும் வைத்து, அதன் பிறகும் ஒருவர் நடுத்தரையில் விட்டுப் போனால் பொறுப்பு அவர் தலைக்கு மாறும். ஐரோப்பியக் கடைகள் சிலவற்றில் நாணயம் போட்டால்தான் டிராலி கழன்று வரும், திருப்பிப் பூட்டினால்தான் நாணயம் கிடைக்கும். ஊரின் ஒழுக்கத்தை ஒரே ஒரு நாணயத்தில் வாங்கிவிட்ட அந்த ஏற்பாடும் முட்டுக்கல்லின் இன்னொரு வடிவமே.

காற்று தள்ளியது, அது தெய்வச் செயல் என்பார்கள் சிலர். தெய்வச் செயல் என்று தப்பிக்க அது முன்கூட்டி எதிர்பார்க்க இயலாததாக இருக்க வேண்டும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் மக்கள், மாதத்தின் பெயரோடு நாட்காட்டியில் வரும் ஒரு காற்றை எதிர்பாராத காற்று என்று எந்த நீதிபதியிடமும் சொல்ல முடியாது. அம்மிக்கே அந்தக் கதி என்றால் கம்பிக் கூடைக்கு என்ன ஆகும் என்று கடைக்காரர் ஆனி மாதத்திலேயே யோசித்திருக்க வேண்டும். குரங்கு தள்ளியது என்ற வாதம் செஞ்சிக்கு மட்டுமே உரிய நுட்பம். கோட்டைக்கு வருபவர் கையிலிருக்கும் பையைக் குரங்குகள் பறிப்பது ஊரறிந்தது. ஆனால் பை பறிப்பது ஊரறிந்தது என்றால் டிராலிமேல் ஏறுவதும் ஊகிக்கத்தக்கதே. குரங்கு மேல் வழக்குப் போடவும் வழியில்லை, அதற்குச் சொத்து இல்லை. பறித்த பைகளைக் கணக்கில் சேர்க்கலாமா என்பது தனி ஆய்வுக்குரியது.

அடுத்து, ‘வண்டிகள் உரிமையாளர் சொந்தப் பொறுப்பில்’ என்ற பலகை. டெல்லி தாஜ்மகால் ஓட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் இதை ஆராய்ந்தது. 1998இல் ஓட்டல் பணியாளரிடம் சாவி கொடுத்து விட்ட மாருதி ஜென் கார் திருடுபோன விவகாரம் அது. சாவியை வாங்கிக்கொண்ட பிறகு, தன் கவனக்குறைவுக்கு அப்படிப்பட்ட வாசகத்தை ஓட்டல் கேடயமாகப் பிடிக்க முடியாது என்று தீர்ப்பானது. சாவி நம் சட்டைப்பையிலேயே இருக்கும் சாதாரண நிறுத்தத்துக்கு அத்தீர்ப்பை அப்படியே பொருத்துவது அவசரமாகும். அதற்குத் தேவையும் இல்லை. பலகை பேசுவது திருடனைப் பற்றி, மரக்கிளையைப் பற்றி, பக்கத்து வண்டிக்காரரைப் பற்றி. கடை தானே அனுப்பிய சக்கரங்களைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.

இழப்பை எங்கே கேட்பது? காவல் நிலையத்துக்குப் போனால் ‘இது சிவில் மேட்டர்’ என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவின்படி சேதம் விளைவித்தல் குற்றமாவதற்கு எண்ணமோ அறிதலோ வேண்டும். டிராலிக்கு இரண்டும் கிடையாது. இத்தனைக்கும், இடித்த இடத்திலேயே கடைசிவரை நின்று கொடுக்கும் குற்றவாளி அது ஒன்றுதான். உரிமையியல் வழக்குப் போடுவது சுல்பிகர் கான் வழி: எட்டாண்டு. பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி 1750இல் அதே கோட்டையை ஓரிரவில் பிடித்தார். அந்த வழி வேண்டுவோர் விழுப்புரத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டம் ஆய்வகப் பரிசோதனை தேவைப்படாத புகார்களுக்கு மூன்று மாதம் என்று இலக்கு வைத்திருக்கிறது. இலக்கு என்பதை அழுத்தி வாசிக்கவும். கடையில் ஏதேனும் வாங்கியவர்தான் அங்கே நுகர்வோர், எனவே ரசீது முக்கியம். காப்பீடு இருக்கிறதே, ஏன் வம்பு எனின், கேட்டுப் பார்க்கலாம். 1500 சிசி வரையுள்ள காருக்கு முதல் 1,000 ரூபாய் நம் கையிலிருந்து போகும். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான 20 முதல் 50 விழுக்காட்டுத் தள்ளுபடியும் அடுத்த ஆண்டு போகும். டிங்கரிங், பட்டி, பெயின்ட் மூன்றுக்குமான செலவைவிட அது கூடிவிட்டால், ஒடுக்கு காரிலிருந்து பணப்பைக்கு மாறியது தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

இறுதியாகக் கடைக்காரர் எழுப்பக்கூடிய எதிர்வாதம் ஒன்றுண்டு: கார் அங்கே நின்றதால் தம் டிராலியின் முன்சக்கரம் கோணிவிட்டது, அதற்குக் கார்க்காரர் பணம் தர வேண்டும். இதற்குச் சரியான பதில் தற்காப்பன்று, தாக்குதல். கார் அங்கே இல்லாவிட்டால் டிராலி திருவண்ணாமலைச் சாலைக்குள் ஓடி, நெல் ஏற்றிய லாரியின் அடியில் போயிருக்கும். கார் அதைத் தடுத்துக் காத்தது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் பிறருக்குச் செய்த காரியத்தால் அந்தப் பிறர் பயனடைந்தால் கைம்மாறு தர வேண்டும் என்கிறது. ஒடுக்கு வாங்கிய எவரும் அதை இலவசமாக வாங்க எண்ணியதில்லை; ஆகவே கதவுச் செலவோடு தடுப்புச்சுவர்க் கூலியும் சேர்த்துக் கேட்கலாம். ஒரு சிக்கல்: அப்பிரிவு அக்காரியம் சட்டப்படி செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே நிபந்தனை போடுகிறது. ஆகவே கூலி கேட்கும் கார்க்காரர் நோட்டீஸ் அனுப்புமுன், தம் வண்டி நோ பார்க்கிங் பலகைக்கு எந்தப் பக்கம் நின்றது என்பதைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.