இருபத்திரண்டு தீர்த்தமும் ஒரு கேமராவும்

அனுப்புநர்: பாலிசிதாரர், கேமராவின் முன்னாள் உரிமையாளர்
பெறுநர்: க்ளெய்ம் பிரிவு மேலாளர் அவர்கள், பயணக் காப்பீட்டு நிறுவனம் (எந்த நிறுவனம் என்பது உங்களுக்கே தெரியும்)
பொருள்: களவுபோகும் நேரத்தில் கேமராவைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கத் தவறியது – விளக்கம் அளித்தல் – தொடர்பாக

ஐயா,

என் க்ளெய்மை நிராகரித்து நீங்கள் அனுப்பிய ஒன்றரைப் பக்கக் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். குற்றவாளி யார் என்பதில் எனக்கு இருந்த குழப்பம் நீங்கியது. திருடனைக் குறை சொல்லி அதில் ஒரு சொல்கூட இல்லை. முழுக்க என்னைப் பற்றித்தான்.

நடந்ததை மறுபடியும் சொல்லிவிடுகிறேன். குடும்பத்தோடு வாடகை வண்டியில் ராமேஸ்வரம் போனோம். காலையில் தனுஷ்கோடி. 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவர் மேல் வெயில் ஏறுவதைப் படம் எடுத்தேன். திரும்பி வந்து அக்னி தீர்த்தத்தில் கடல் குளியல். சொட்டச் சொட்ட அப்படியே கோயிலுக்குள் போய் இருபத்திரண்டு தீர்த்தம். உள்ளே கேமராவுக்கு அனுமதி கிடையாது என்பதால் அதை வண்டியில் வைத்துப் பூட்டினோம். ஓட்டுநர் டீ குடிக்கப் போனார். தரிசனம் முடிந்து வந்து பார்த்தால் வண்டி இருந்தது, பூட்டு இருந்தது, முறுக்கு டப்பா இருந்தது. கேமராப் பை மட்டும் இல்லை.

இதற்கு நீங்கள் காட்டிய முதல் காரணம்: பொருள் ‘கவனிப்பாரின்றி’ விடப்பட்டது. பாலிசிப்படி அது எப்போதும் என் கையிலோ கண்பார்வையிலோ இருந்திருக்க வேண்டுமாம். ஒப்புக்கொள்கிறேன். நான் செய்திருக்க வேண்டியது இதுதான்: கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடலில் மூன்று முழுக்குப் போட்டு, காவலர்களின் சம்மதத்தை எப்படியாவது வாங்கி, மகாலட்சுமி தீர்த்தத்தில் வரிசையில் நின்று, கிணற்று விளிம்பில் நிற்பவர் வாளியைக் கவிழ்க்கும்போது லென்ஸை வானத்துக்குக் காட்டியபடி சிவசிவா என்றிருக்க வேண்டும். அங்கிருந்து கோடி தீர்த்தம் வரை இதே கதை. ஆனால் உங்கள் பாலிசியின் பதினோராம் பக்கத்தில், எறும்புக்கே கண்ணாடி தேவைப்படும் எழுத்தில், ‘பாலிசிதாரர் தெரிந்தே நீரில் நனைத்ததால் ஏற்படும் சேதம்’ விலக்கப்பட்டிருக்கிறதே? திருடன் கொண்டுபோனாலும் தராதீர்கள், தீர்த்தம் கொண்டுபோனாலும் தராதீர்கள். சுவாமிக்கும் திருடனுக்கும் இப்படி ஒரே நீதி வைத்தவர்களை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது காரணம்தான் என்னை மிகவும் கவர்ந்தது. வண்டியைப் பலவந்தமாகத் திறந்த அடையாளம் இல்லையாம். கண்ணாடி உடையவில்லை, கதவு நெளியவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. உண்மைதான். எனக்கு வாய்த்தவன் தொழில் தெரிந்தவன். ஒரு கத்துக்குட்டி வந்திருந்தால் கல்லால் அடித்திருப்பான், எனக்குப் பணம் வந்திருக்கும். அடுத்த முறை வண்டியின் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள நீங்களே ஒரு ஸ்டிக்கர் அச்சடித்துக் கொடுத்தால் நல்லது: ‘திருடர்கள் கவனத்திற்கு: தயவுசெய்து உடைத்துத் திறக்கவும். கீறல் தெளிவாக விழ வேண்டும்.’

பையோடு பொறுப்பான ஆள் ஒருவரை உட்கார வைத்திருக்கலாமே என்று உங்கள் சர்வேயர் தொலைபேசியில் கேட்டார். அவருக்கு எங்கள் குடும்பத்தைத் தெரியாது. கோயிலுக்குப் போகும் எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒரு பதவி உண்டு. செருப்பு, பை, ஈரத் துணி, தூங்கும் குழந்தை எல்லாவற்றுக்கும் காவலாக உட்கார்பவர். எங்கள் வீட்டில் இருபது வருடமாக அது சித்தப்பா. ‘எனக்கு முழங்கால் வலி, நீங்க போயிட்டு வாங்க’ என்று தினத்தாளை விரித்து உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் அசைய மாட்டார். சம்பளம் கிடையாது, பிரீமியமும் கிடையாது. ஒரு துண்டுகூட இதுவரை தொலைந்ததில்லை. அறுபத்தெட்டு வயதில் அந்த ஒரு நாள் அவருக்கும் இருபத்திரண்டிலும் குளிக்க ஆசை வந்தது. அதற்கான அபராதம் ஒன்றரை லட்சம் ரூபாய் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

நீங்கள் கேட்ட ஆவணங்களுக்கு வருகிறேன். காவல் நிலையத்தில் புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது தந்தார்கள், அனுப்பினேன். எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்றீர்கள், வாங்கி அனுப்பினேன். கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றிதழும் வேண்டும் என்றீர்கள். அதற்கு அலைந்துகொண்டிருக்கும்போதே நிராகரிப்பு வந்துவிட்டது. அந்த வகையில் பெட்ரோல் மிச்சம்.

நடுவில் ‘களவுபோன கேமராவின் புகைப்படம்’ ஒன்றும் கேட்டிருந்தீர்கள். அது எடுத்த படம் பதினாலாயிரம் இருக்கிறது. அதை எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. கண் தன்னைப் பார்த்துக்கொள்ளாது அல்லவா? ஆனால் நிறைய கேமராக்கள் தாங்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் கோப்புக்குள்ளும் தங்கள் வரிசை எண்ணைப் பதிந்து வைக்கின்றன. என்னுடையதும் அந்த ஜாதிதான். பழைய படம் ஒன்றைத் திறந்து, அந்த எண்ணும் பில்லில் இருக்கும் எண்ணும் ஒன்றே என்று வட்டம் போட்டு அனுப்பினேன். ‘கோப்பு தெளிவாக இல்லை, தங்கள் முகத்துடன் கேமரா தெரியும்படி அனுப்பவும்’ என்று பதில். கடைசியில் மச்சினி கல்யாண ஆல்பத்தில், பந்தியில் வடை கேட்டுக் கை நீட்டும் என் தோளில் தொங்குகிற பட்டை கிடைத்தது. பட்டையில் கம்பெனிப் பெயர் மஞ்சள் எழுத்தில் நன்றாகவே தெரிகிறது. தெரியாமல் எப்படி இருக்கும்? ‘என்னிடம் விலையுயர்ந்த பொருள் இருக்கிறது’ என்று ஊருக்கே அறிவிக்கத்தானே அந்தப் பட்டை! எங்கள் அம்மா அப்போதே சொன்னார், மஞ்சப்பையில் போட்டு மேலே இரண்டு முருங்கைக்காயைச் செருகி வை, எவனும் தொட மாட்டான் என்று. சிரித்தேன். முருங்கைக்காய் கிலோ என்ன விலை என்று இப்போது விசாரிக்கிறேன்.

ஒருவேளை மேல்முறையீட்டில் ஜெயித்தாலும் தேய்மானம் கழிப்பீர்கள் என்று தெரிந்துகொண்டேன். பதினெட்டு மாதத் தவணையில் வாங்கியது. நான்கு தவணை பாக்கி. என் கேமரா உங்கள் கணக்கில் பழசாகிவிட்டது, வங்கிக் கணக்கில் மட்டும் இன்னும் புத்தம் புதுசு.

உங்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற பலகை தொங்காத இடம் எது? விடுதி, வாகன நிறுத்தம், துணிக்கடையின் பை வைக்கும் இடம், எங்கும் இருக்கிறது. உள்நாட்டு விமானத்தில் பதிவுசெய்த பெட்டி தொலைந்தால் பயணிக்கு உச்சவரம்பு 20,000 ரூபாய். கேமராவைப் பெட்டியில் வைக்காதே, உபரி லித்தியம் பேட்டரியை வைக்கவே கூடாது, கையிலேயே கொண்டு வா, ஆனால் கைப்பை ஏழு கிலோவைத் தாண்டக் கூடாது என்பார்கள். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100ஆவது பிரிவும் இந்த வம்சம்தான்: பயணி கூடவே கொண்டுபோகும் சாமான் தொலைந்தால், ரயில்வேயின் அலட்சியத்தாலோ தவறான நடத்தையாலோ அது தொலைந்தது என்று நிரூபித்தால்தான் பொறுப்பு. இருந்தாலும் அவர்கள் கீழ் பெர்த்துக்கு அடியில் சங்கிலி மாட்ட ஒரு வளையமாவது வைத்திருக்கிறார்கள். நீங்கள் அந்த வளையம்கூடத் தரவில்லை.

மெமரி கார்டைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. ‘தரவுகளின் மதிப்பு இதில் அடங்காது’ என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். தேவாலயச் சுவரில் சாய்ந்து என் மகள், முன்பல் இரண்டும் விழுந்த வாயோடு, சிரிக்காமல் இருக்கப் பாடுபட்ட படம் அதில் இருந்தது. பல் முளைத்துவிட்டது.

இதன் நகல் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கும் போகிறது. நிராகரிப்பு வந்து ஓராண்டுக்குள் எழுதலாம், கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம் என்கிறார்கள். பொறுப்பல்ல என்ற பலகை அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பாலிசிதாரர்

பி.கு.: அடுத்த மாதம் திருச்செந்தூர் போகிறோம். அங்கேயும் கடலும் நாழிக்கிணறும் உண்டு. மச்சான் புதுக் கேமரா வாங்கியிருக்கிறார். பாலிசி உங்களிடமே எடுக்கப்போகிறார். ஆகவே தங்கள் அலுவலகத்திலிருந்து வயதுவந்த, பொறுப்பான, தூங்காத ஊழியர் ஒருவரை எங்களோடு அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். புளியோதரை நாங்கள் கொண்டுவருவோம். சித்தப்பா தினத்தாளும் தருவார். செருப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்குத் தனி பாலிசி எடுக்க வேண்டுமானால் முன்கூட்டியே தெரிவிக்கவும்.