பல்வலி ஆராய்ச்சி: நள்ளிரவு முதல் நாற்காலி வரை

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்றனர் முன்னோர். பல்வலியை ஏன் விட்டார்கள் என்பது அறிஞர் உலகம் இதுவரை தொடாத கேள்வி. அது தற்செயலான விடுபாடு என்பர் ஒருசாரார். பழமொழி சொல்லவேண்டிய வேளையில் சொல்பவருக்கே பல்வலி கண்டிருந்ததால் வாயைத் திறக்க முடியவில்லை என்பது நம் துணிபு. அக்குறை தீர்க்கவே இவ்வாய்வு எழுந்தது. ஆய்வுப்பொருள், கீழ்த்தாடை இடப்பக்கத்துக் கடைவாய்ப்பல் ஒன்று. ஆய்வுக்களம், அப்பல் குடியிருக்கும் வாய், அவ்வாய் குடியிருக்கும் வீடு, மற்றும் தெருமுனை மருந்துக்கடை.

முதற்கண் முன்னோர் கொள்கை. பல்லைப் பூச்சி அரிக்கிறது என்பது உலகின் மிகப் பழைய கோட்பாடுகளுள் ஒன்று. பாபிலோனியர் களிமண் பலகையிலேயே பல்புழுவைப் பற்றி எழுதிவைத்தார்கள். நம் பக்கத்தில் கண்டங்கத்தரி விதையை நெருப்பிலிட்டு அந்தப் புகையை வாயில் பிடித்தால் பூச்சி பொத்தென்று விழும் என்றார்கள். 1728-இல் பியர் ஃபொஷார் என்ற பிரெஞ்சுப் பல் மருத்துவர் தம் நூலில் புழுக் கொள்கையை மறுத்தார். முந்நூறு ஆண்டு ஆகப்போகிறது, எதிர்வீட்டு மாமி இன்னும் அந்நூலைப் படித்து முடிக்கவில்லை. நாம் தின்னும் இனிப்பைத் தானும் தின்று அமிலம் விடும் கிருமிகளே உண்மைக் குற்றவாளிகள். அவற்றைப் புகை போட்டு விரட்ட முடியாது.

அடுத்து, பல்வலி ஏன் இரவில் மட்டும் விசுவரூபம் எடுக்கிறது? உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் பல்லின் மேலுள்ள எனாமல். அதற்கு வலி தெரியாது. உள்ளே நரம்பும் இரத்தக்குழாயும் கூடிய பற்கூழ் இருக்கிறது. விரலில் வீக்கம் வந்தால் தோல் விரிந்து இடம் கொடுக்கும். பல்லுக்குள் வீக்கம் வந்தால் சுவர் அசைந்து கொடுக்காது. விசில் போகாத குக்கர்தான். படுத்தால் தலைப்பக்கம் இரத்த அழுத்தம் கூடும், வலியும் கூடும். ஆகவே இரண்டு தலையணையை அடுக்கிச் சாய்ந்து படுத்தல் ஆய்வில் தேறிய முறை. பல்வலி ஏன் சனிக்கிழமை இரவையே தேர்ந்தெடுக்கிறது என்பதற்கு மட்டும் உடற்கூற்றியலில் விடையில்லை.

விடிந்ததும் அறிஞர் குழு கூடும். பல் மருத்துவராக ஐந்தாண்டு படிக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. வாயில் ஒரு பல் இருந்தால் போதும் என்பது வீட்டு விதி. பாட்டி கிராம்பு என்பார். இதில் பாட்டி சொல்வது சரி. கிராம்பிலுள்ள யூஜெனால் மரத்துப்போகச் செய்யும். பல் மருத்துவர்களே அதைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிகமாகக் குழியை அடைக்கப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் தைலத்தைப் பஞ்சில் ஒரு சொட்டு நனைத்து வைப்பது வேறு, சீசாவைக் கவிழ்ப்பது வேறு. ஈறு வெந்துபோகும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லிடுக்கில் அதக்கிக்கொள்ளும் மாமாவுக்கும் அதே கதிதான். மேல்வாய்ப் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பது பெரியப்பாவின் கட்சி. பல்லுக்கு ஓடும் நரம்பு வேறு, பார்வைக்கு ஓடும் நரம்பு வேறு என்று எத்தனை முறை நிறுவினாலும் அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

மருந்துக்கடை தனி மரபு. "பல்வலிண்ணே" என்றதும் மூன்று நிற மாத்திரைகளை நறுக்கிக் காகிதக் கவரில் போட்டு, மேலே பேனாவால் கோடு கிழித்து, "மூணு வேளை, சாப்பிட்டுப் போடுங்க" என்பார் கடைக்காரர். அதில் ஒன்று ஆன்டிபயாடிக். செத்துப்போன பற்கூழுக்கு இரத்த ஓட்டமே இல்லாதபோது அந்த மருந்து எந்த வழியாக உள்ளே போகும் என்று கவர் மருத்துவம் விளக்குவதில்லை. கிருமி குடியிருக்கும் இடத்தைச் சுத்தம் செய்யாமல் மாத்திரையால் மட்டும் பல்லைக் குணமாக்க முடியாது.

இனி இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வலி சட்டென்று நிற்கும்.

"ஏங்க, டாக்டரைப் பாக்கணும்னீங்களே?"

"அதான் சரியாப் போச்சே. எதுக்குத் தண்டச் செலவு?"

கொப்பளித்த உப்புத் தண்ணீர், கிராம்பு, குலதெய்வம் மூன்றும் புகழைப் பங்கிட்டுக் கொள்ளும். உள்ளே நடந்ததோ வேறு. துடித்துக்கொண்டிருந்த பற்கூழ் உயிரை விட்டுவிட்டது. புகார் கொடுத்தவர் இறந்துவிட்டதால் வழக்கு முடிந்தது என்று நாம் கோப்பை மூடுகிறோம். கிருமி வேர்நுனி வழியே எலும்புக்குள் இறங்குகிறது. சில வாரமோ சில மாதமோ கழித்து, பெரும்பாலும் வீட்டில் கல்யாணம் வைத்திருக்கும்போது, கன்னம் வீங்கும்.

அப்புறம்தான் நாற்காலி. மருத்துவர் கண்ணாடிக் கருவியின் கைப்பிடியால் ஒவ்வொரு பல்லாக டொக் டொக்கென்று தட்டி வருவார். நம் பல்லைத் தட்டியதும் கால் கட்டைவிரல் தானாக நிமிரும். "எப்ப இருந்து வலி?" என்பார். "நேத்து ராத்திரிதான் டாக்டர்" என்போம். அவர் ஒன்றும் சொல்லாமல் எக்ஸ்ரேயைத் திரையில் போடுவார். வேர்நுனியில் கருப்பாக ஒரு நிழல் உருண்டு திரண்டிருக்கும். நேற்று ராத்திரி பிறந்த நிழல் அவ்வளவு வளராது.

எனவே எப்போது போவது? ஜில்லென்று ஏதாவது பட்டால் சுரீரென்று கூசி, எடுத்ததும் சில நொடியில் அடங்கினால் அந்த வாரத்தில் போகலாம். அடைத்துவிட்டாலே தீரக்கூடும். சூடான காபி பட்டு வலி நெடுநேரம் நீடித்தால், எதுவும் படாமலே வந்தால், தூக்கத்திலிருந்து எழுப்பினால், ஓரிரு நாளுக்குள். அது பெரும்பாலும் பற்கூழை எடுத்து அடைக்கும் ரூட் கெனால் கட்டம். வீக்கமோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே. வாய் திறக்கவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, தாடைக்கு அடியில் வீங்கி மூச்சு திணறுகிறது என்றால் கிளினிக் திறக்கக் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு ஓடவேண்டும். சர்க்கரை நோயாளிகள் எல்லாக் கெடுவையும் முன்தள்ளிக் கொள்க. கீழ்த்தாடை வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் சேர்ந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். அங்கே கிராம்புக்கு வேலையில்லை.

பல்லைப் பிடுங்கவே நேர்ந்தால், அதன் பின்னர் தேறுவது பற்றிச் சுருக்கமாக. பஞ்சை அரைமணி முதல் முக்கால் மணி நேரம் அழுத்திக் கடிக்க வேண்டும். குழியில் உறையும் இரத்தக் கட்டிதான் அங்கே கூரை. அதைக் காப்பாற்ற அன்று முழுக்கத் துப்பக்கூடாது, கொப்பளிக்கக்கூடாது, ஸ்ட்ராவில் உறிஞ்சக்கூடாது, சிகரெட் கூடாது. துப்பக்கூடாது என்பது நம் நாட்டில் எவ்வளவு கடினமான பத்தியம் என்பதைத் தெருச்சுவர்களே சொல்லும். ஈடாக ஐஸ்கிரீம் அனுமதிக்கப்படுகிறது, கரண்டியால். மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். நாளுக்கு நாள் குறையவேண்டிய வலி மூன்றாம் நாள் வாக்கில் ஏறிக் காதுவரை இழுத்தால் கட்டி கழன்றுவிட்டது என்று பொருள். கூச்சப்படாமல் திரும்பப் போகவேண்டும். ரூட் கெனால் செய்துகொண்டவர்களுக்கு இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது நோவு இருப்பது வழக்கம். வலி போனதும் பல்லுக்கு மேலுறை (கேப்) போடாமல் தலைமறைவாகி, பின்பு முறுக்கைக் கடித்து அதே பல்லைப் பிளந்துகொண்டு வருவோர் தனி ஆய்வுக்கு உரியவர்.

இதைப் படிப்பவர்களில் பல்வலி தானாக நின்று நிம்மதியாக இருப்பவர்கள் இந்த வாரமே போய் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டால் உண்மையான மாதத்தைச் சொல்லிவிடுங்கள்.