மகோகனி மாப்பிள்ளைக்கு நாலு வார்த்தை

என்ன மாப்ள, நெலத்துல மகோகனி வைக்கப் போறீகளாமே? டீக்கடை பூரா உங்க பேச்சுத்தான். பத்தடிக்குப் பத்தடி, ஏக்கருக்கு 435 கன்னு, மரம் ஒண்ணு 25,000, ஆகமொத்தம் 1 கோடியே 8 லட்சத்து 75,000 ரூபாய்னு செல்போன்ல தட்டிக் காட்டுனீகளாம். கணக்கு சுத்தம். ஆடு மேய்க்கிற அக்காவையும் அக்கினி நட்சத்திரத்தையும் அதுல எந்தக் கட்டத்துல போட்டிருக்கீகன்னு மட்டும் காட்டிப்புட்டுப் போங்க. 2018 நவம்பர்ல கஜா புயல் வந்து புதுக்கோட்டைப் பக்கம் மரத்தையெல்லாம் சாச்சுப்புட்டுப் போச்சே, அதுக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்க. கன்னு வித்த ஆளு பத்து வருசம் கழிச்சு மரத்த அவரே வாங்கிக்கிறேன்னு எழுதிக் குடுத்திருக்காராம்ல? அப்ப அவர எங்க போயித் தேடுறதுன்னும் சேத்து எழுதி வாங்கிருங்க.

நான் வேணாம்னு சொல்லல. வைங்க. மூணு ஏக்கரும் ஒரே மரமா வைங்க, ரொம்பச் சவுரியம். மகோகனி அமெரிக்கா கண்டத்து மரம். காய் கட்டையா வெடிச்சு, றெக்கை வச்ச வித்து காத்துல பறக்கும். குயிலுக்கும் மைனாவுக்கும் கொத்த அதுல ஒண்ணுமில்ல. பறவை வராது. எச்சம் விழாது. உங்க வெள்ளைக் காரு வெள்ளையாவே நிக்கும்.

புழு வந்தா மருந்துக்கடை இருக்கு. வயல்ல குச்சி ஊண்டுங்க, கரிச்சான் வந்து உக்காந்து புழுவப் பிடிக்கும்னு ஆபீசருக வந்து சொன்னாக. உங்க சித்தப்பாவும் காசு குடுத்துக் குச்சி வாங்கி ஊண்டுனாரு. அதே வரப்புல நின்ன வேம்ப அதுக்கு முந்துன வருசந்தான் செங்கச்சூளைக்கு வித்திருந்தாரு.

சந்தனமும் வைக்கலாமான்னு கேட்டீகளாம். 2002-லயே சட்டம் மாறிருச்சு, பட்டா நெலத்துச் சந்தனம் நமக்குத்தான். ஆனா வெட்டவும் விக்கவும் வனத்துறை வாசல்ல நிக்கணும். இன்னொரு சங்கதி, சந்தனம் தனியா நிக்காது. பக்கத்து மரத்து வேரப் பிடிச்சு உறிஞ்சித்தான் வளரும், வீட்டோட மாப்பிள்ளை மாதிரி. கோவிச்சுக்காதீக, உங்களச் சொல்லல. தொவரையோ சவுக்கோ பக்கத்துல வச்சுக் குடுக்கணும்.

நம்ம சீமையில நிக்கிற இலுப்பையப் பாத்திருக்கீகளா? தேரு செய்ய எடுக்கிற கட்டை. பங்குனி, சித்திரையில பூக்கும். ராத்திரியானா வவ்வாக் கூட்டம் வந்து எறங்கி, கிளைக்குக் கிளை சண்டை போட்டுக்கிட்டு அந்தச் சதைப் பூவத் தின்னும். விடியக்காலம் போயிப் பாத்தா தரையெல்லாம் பூ. மிச்சத்த ஆடும் எறும்பும் பாத்துக்கிரும். கொட்டைய ஆட்டுனா கோயில் விளக்குக்கு எண்ணெய். வயசாகி, கிளை ஒடிஞ்சு பொந்து விழுந்துச்சுன்னா கூகை குடியேறும். அது அலறுறதக் கேட்டு நம்ம கிழவிக பயப்படுவாக. எலிக அதவிடப் பயப்படும். ஒரே கொறை, அத வெட்டிக் காசாக்க உங்க வயசு பத்தாது.

மயிலு வந்து கடலையக் கொத்துமேன்னு கேப்பீக. கொத்தும். மரம் இல்லாத காட்டுலயும் கொத்திக்கிட்டுத்தான் இருக்கு.

திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி கேள்விப்பட்டிருப்பீக. கம்மாக் கருவேலத்துல நாரையும் கொக்கும் கூடு கட்டுதுன்னு தீவாளிக்கு வெடி போடாத ஊரு. 1977-லயே அந்தக் கம்மாயச் சரணாலயம் ஆக்கிட்டாக. வெடி வாங்கக் காசில்லாத சனம்னு நெனச்சுராதீக. எச்சம் கரைஞ்ச தண்ணி வயலுக்கு நல்லதுன்னு தெரிஞ்ச சனம். வருத்தமெல்லாம் உரக்கடைக்காரருக்குத்தான்.

அதனால ஒண்ணு செய்ங்க. பெரிய மரத்தையெல்லாம் வடக்கு வரப்புல வைங்க. சம்பாப் போகம் வெளையிற காலத்துல வெயிலு தெக்க சாஞ்சு வரும், நெழலு வடக்க விழும், நம்ம நெல்லுக்குக் கெடுதலில்ல. வடக்க இருக்கிறது உங்க மச்சினன் நெலமாச்சே? அப்ப நாலடி உள்ள தள்ளி வைங்க, இல்லாட்டி அந்தக் கோடி ரூபாய்ல பாதி வக்கீலுக்குப் போயிரும். தண்ணி தேங்குற மூலையில நீர்மருது, கெணத்துக்கிட்ட நாவல், மேட்டுல வேம்பும் வேங்கையும். உங்க ஆசைக்கு நடுவுல நாலு வரிசை மகோகனி நிக்கட்டும்.

எதுன்னாலும் ஆடிக்குள்ள சொல்லிருங்க. இலுப்பை வித்த விழுந்த கையோட மண்ணுல போடணும். காயவச்சு எடுத்து வச்சு, தையில லீவு கெடைக்கும்போது வந்து நட்டீகன்னா முளைக்காது.