கட்டைவிரல் விவகாரம்

கேள்வி: பெரும்பாலான மிருகங்களுக்கு இல்லாத யூரிக் அமிலத் தொல்லை மனிதனுக்கு ஏன்?

பதில்: யூரிக் அமிலத்தைச் சிதைக்கும் ‘யூரிகேஸ்’ நொதி பெரும்பாலான பாலூட்டிகளிடம் உண்டு. நம் குரங்கு மூதாதையர் அதைத் தொலைத்துவிட்டார்கள். சொத்து எழுதிவைக்காதவர்கள் இந்தக் கடனை மட்டும் மறக்காமல் எழுதிவைத்திருக்கிறார்கள்! போதாததற்கு ஈரல், நெத்திலி, பீர் என்று நாம் வெளுத்துக்கட்டினால் வட்டியும் ஏறும். ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால், அது ஊசி ஊசியான படிகமாகி மூட்டில் படியலாம். அதற்குப் பிடித்த இடம் கால் கட்டைவிரல். அதுதான் ‘கௌட்’, நள்ளிரவில் போர்வை பட்டாலே அலறவைக்கும். ஆனால், அளவு கூடிய எல்லோருக்கும் கௌட் வருவதில்லை. எனவே, ரிப்போர்ட்டைப் பார்த்ததும் மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள். டாக்டரிடம் நடந்து போங்கள், நடக்க முடிகிறபோதே!